சூடு என்று சொல்லக் கூடாத வீடு

யாராவது புழுங்குகிறது என்று சொன்னால் அந்த வீட்டுச் சொந்தக்காரர் சொன்னவரின் முகத்தைப் பார்க்கமாட்டார். சுவரைப் பார்ப்பார். கூடத்தில் ஒன்று, அடுக்களை வாசலில் ஒன்று, மாடிப்படித் திருப்பத்தில் ஒன்று என்று வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சின்னக் கருவிகளை ஆணியடித்து மாட்டியிருந்தார். அதில் தெரியும் எண்ணை வாய்விட்டுப் படிப்பார். பிறகு, பொய் சொன்னவரைப் பெரிய மனது பண்ணி மன்னிப்பதுபோல லேசாகத் தலையை ஆட்டுவார். பேச்சு அத்துடன் முடிந்தது.

தூத்துக்குடி முத்தையாபுரத்தில் அவர் வீட்டு மாடியில் சில வருடங்கள் குடியிருந்தேன். வந்த முதல் கோடையில், படுக்கையறை கொதிக்கிறது, மொட்டைமாடிக்கு ஒரு வெள்ளைப் பூச்சாவது பூசித் தரவேண்டும் என்று கேட்டேன். மறுத்துப் பேசவில்லை. ஒரு கருவியோடு வந்து கட்டிலுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். "முப்பத்திரண்டு" என்றார். "முப்பத்திரண்ட யாரும் கொதிக்குதுன்னு சொல்ல மாட்டாவ சார். ஒங்களுக்கு வயசு." அவருக்கு என்னைவிட வயது அதிகம்.

ஓய்வு பெறும்வரை துறைமுகத்துக்கு வெளியே ஒரு கண்டெய்னர் யார்டில் ரீஃபர் பிரிவை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரீஃபர் என்றால் குளிரூட்டும் இயந்திரத்தோடு வரும் கண்டெய்னர். இறாலும் கணவாயும் உறைந்து கப்பல் ஏறுவது அதில்தான். பழமும் காய்கறியும் உறையாமல், வாடாமல் போவதும் அதில்தான். அவர் பொறுப்பில் இருந்த சரக்கு ஒன்றுகூடக் கெட்டதில்லை என்று யார்டில் அவரைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு புயல் நாளில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் முரண்டு பிடித்தபோது, கொட்டும் மழையில் ஒவ்வொரு பெட்டியாகக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தாராம். நோய்ப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல இருந்தது என்று பார்த்தவர் சொன்னார். அப்படிச் சொன்னவர் அவர் கீழே வேலை பார்த்து, இப்போது ஒரு காலைச் சாய்த்து நடப்பவர். அந்தச் சாய்ந்த காலின் கதையையும் ஹார்பர் ரோட்டு டீக்கடையில் அவரே என்னிடம் சொன்னார்.

"காச்சல்னு சொன்னேன். எல்லாரு முன்னயும் சட்டையக் கழத்தச் சொல்லி அண்ணாச்சி என் கக்கத்துல தெர்மாமீட்டர வச்சாவ. தொண்ணூத்தெட்டு. 'ஒடம்பு பொய் சொல்லும்லே, இது சொல்லாது'ன்னாவ. பெட்டிக்கு வயர் மாட்ட ஏணியில ஏறுனேன். தல சுத்தி வுழுந்தேன். சாயங்காலம் காச்சல் நூத்திமூணு." டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். "கால் முறிஞ்சதுக்கு மட்டும் கருவி வச்சுப் பாக்கல. கண்ணுலயே தெரிஞ்சிட்டுபோல."

எதையும் நாள் தேதி பார்த்து நினைவு வைப்பது என் பழக்கம். ஆனால் அவரைப் பற்றி யோசித்தால் தேதிகளுக்கு முன்னால் காற்றுகள்தான் வருகின்றன. கொண்டல் என்னும் கடல்காற்றில் சுவரெல்லாம் கசிந்து, உப்பு ஜாடியில் உப்பு நீர்த்துக் கிடந்த நாட்கள். கச்சான் என்னும் மேல்காற்று எழும்பி, தேரிக்காட்டுச் செம்மணலை அள்ளிக்கொண்டு வந்து உதட்டை வெடிக்க வைத்த நாட்கள். இரண்டிலும் அவர் மனைவி அடுக்களைக்கு ஒரு மின்விசிறி கேட்டுக்கொண்டிருந்தார். விசிறிக் காற்று அடுப்புச் சுடரை அலைக்கும், வாயு வீணாகும் என்பது அவர் பதில். அந்த அம்மாள் நாசரேத்துப் பக்கம் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவர். வாய் சுருக்கம், ஆனால் வெட்டும். நெற்றி வியர்வையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே ஒருமுறை, "இவுகளுக்கு நான் ஒரு பெட்டி மீனாப் பொறந்திருக்கணும்" என்றார். கணவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "ஏளா, நீ கெட்டுப்போற சரக்கு இல்ல" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன்.

பெருவெள்ளம் வந்த மார்கழிக்கு அடுத்த பங்குனியில் மகள் எஸ்தர் பெங்களூரிலிருந்து திரும்பி வந்தாள். கல்யாணம் முறிந்துவிட்டது. கையில் ஒரு பெட்டி. வாடகைக் காரின் பின்சீட்டில், ஏசியின் குளிர் படும்படி வைத்த ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு சின்சில்லா இருந்தது.

நான் படத்தில் மட்டும் பார்த்திருந்த உயிர். முயலின் உடம்பு, அணிலின் வால், எலியின் மீசை. சாம்பல் நிறத்தில், விரல் வைத்தால் புதைந்து போகும் அடர்த்தியான முடி. தென்னமெரிக்காவின் உயர்ந்த மலைகளில், ஈரமில்லாத குளிரில் வாழப் பிறந்தது. அதற்கு வியர்க்காது. தண்ணீரில் குளிக்காது, மாவு போன்ற மண்ணில் புரண்டுதான் குளிக்கும். முடி நனைந்தால் காயாது, பூஞ்சை பிடிக்கும். இருபது டிகிரியை ஒட்டி இருந்தால் துள்ளி விளையாடும். இருபத்தைந்தைத் தாண்டினால் காது சிவக்கும், அதற்கும் மேலே போனால் சுருண்டுவிடும். அதோடு காற்றில் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். இதையெல்லாம் எஸ்தர் சொல்லச் சொல்ல, தூத்துக்குடிக்கு இதைவிடப் பொருந்தாத பிராணி உண்டா என்று எனக்குத் தோன்றியது. அவள் அதற்குப் பஞ்சு என்று பெயர் வைத்திருந்தாள். கொடைக்கானலில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருந்தது, ஜூனில் சேரவேண்டும். அதுவரை பஞ்சுவை உயிரோடு வைத்திருந்து மலைக்குக் கொண்டுபோய்விட்டால் போதும். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

அப்பா அதை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவர் கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மகளிடம் கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பயணத்தைப் பற்றியும் கேட்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, "செட் பாயின்ட் என்ன?"

எந்த வெப்பத்தில், எந்த ஈரத்தில் வைக்கவேண்டும் என்று அவள் எண்களைச் சொன்னாள். அவர் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கீழே சாமான் அறையாக இருந்ததைக் காலி செய்தார். உடைத்துப் போட்ட ரீஃபரிலிருந்து வெப்பம் கடத்தாத பலகைகளை வாங்கி வந்து நான்கு சுவரிலும் பதித்தார். ஏசி மாட்டினார். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வாங்கிக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கதவில் கண்ணாடி பதித்து, உள்ளே வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் பெரிய சிவப்பு எழுத்துப் பலகையை வெளியிலிருந்தே படிக்கும்படி செய்தார். உலர்ந்த புல் அட்டைப்பெட்டிகளில் வந்தது. அவற்றைக் கூண்டின் இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் இடைவெளி இல்லாமல் அடுக்கினார், கண்டெய்னரில் சரக்கு அடுக்குவதுபோல. கடைசியாகக் கதவில் பூட்டுப் பதித்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கதவு திறக்கும். எஸ்தர் புல் வைத்து, மண்குளியல் தட்டை மாற்றிவிட்டு உடனே வெளியே வந்துவிடவேண்டும். அவள் கொஞ்சம் தாமதித்தால் அவர் கண்ணாடியைத் தட்டுவார். ஈரம் உள்ளே வருகிறதாம். மற்ற நேரமெல்லாம் அவளுடைய பிராணியை அவள் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அவரோ நினைத்தபோது உள்ளே போவார். மண்ணைச் சல்லடையில் சலித்துப் போடுவார், கூண்டுக் கம்பியைத் துடைப்பார். "எய்யா, ராசா" என்று அவர் அதைக் கூப்பிடுவது மாடிவரை கேட்கும். அடுக்களையில் இருந்த இரண்டு பெண்களுக்கும் கேட்டிருக்கும்.

மே மாதம் பிறந்ததும் எஸ்தர் புறப்படும் பேச்சை எடுத்தாள். ஏசி காருக்குச் சொல்லியாயிற்று, விடியற்காலை கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிடலாம் என்றாள். அவர் சாவியைத் தரவில்லை. வத்தலக்குண்டைத் தாண்டுவதற்குள் செத்துவிடும் என்றார். நல்ல வண்டி, டிரைவர் தெரிந்தவர் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். என் முன்னால் சொல்லலாமா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

"ஒரு புருசன ஒரு வீட்டுக்குள்ள வச்சிக்கிடத் தெரியல. இருபது டிகிரியில ஒரு உசுர வச்சிக்கிடப் போறியாக்கும்."

குரலை உயர்த்தாமல், சுவரில் எண்ணைப் படிப்பதுபோலவே சொன்னார். அதன்பிறகு பல நாட்கள் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பஞ்சு மேல்தட்டுக்கு ஏறுவதை நிறுத்தியிருந்தது. கூண்டின் அடியில் உடம்பை நீட்டிப் படுத்தே கிடந்தது. எஸ்தர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். கண்ணாடி வழியாகவே அதன் காதுகளின் சிவப்பு தெரிந்தது. அப்பாவிடம் சொன்னாள். அவர் பலகையைக் காட்டினார். வெப்பம் இருபது. ஈரப்பதம் நாற்பத்தைந்து. இரண்டும் அவள் சொன்ன எண்கள்தான்.

பலகைக்கு வெப்பத்தை அளந்து சொல்லும் முனையை அவர் எங்கே வைத்திருந்தார் என்று அன்றுதான் கவனித்தேன். ஏசியின் வாயிலேயே கட்டியிருந்தார். வெளியே வரும் காற்று இருபதைத் தொட்டதும் ஏசி நின்றுவிடும். அந்தக் காற்று எதிர்ச் சுவரில் போய் முட்டும். மூலையில், பெட்டிகளின் அடைப்புக்குள் இருந்த கூண்டை அது தொட வழியே இல்லை. கூண்டுக்குப் பக்கத்தில் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உறிஞ்சிய பிறகு அது வெளியே விடுவது வெப்பக் காற்றைத்தான்.

முனையைக் கூண்டருகே வைக்கலாமே என்று நான் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் கொடுமை. நிதானமாக, விளக்கமாகப் பாடம் எடுத்தார். ரீஃபரில் உறையாத சரக்குக்கு, இயந்திரத்திலிருந்து போகும் காற்றைத்தான் அளக்கவேண்டும், திரும்பி வரும் காற்றை அளந்தால் பழம் உறைந்துபோகும். பெட்டிக்குள் தரையில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும், குளிர்காற்று அதில் ஓடிச் சரக்குக்குள் ஏறும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் செய்திருக்கிறார், ஒரு பழம் அழுகியதில்லை. இந்த அறையின் தரையில் பள்ளம் இல்லையே என்றேன். "கொள்கை ஒண்ணுதான் சார்" என்றார்.

மறுநாள் எஸ்தர் மாடிக்கு வந்தாள். என் பால்கனியில், அன்றைய அதிகபட்ச வெப்பத்தில் குறி நின்றுவிடும் வெப்பமானி ஒன்று இருந்தது. அதை வாங்கிப் போய், காலையில் புல் வைக்கும்போது கூண்டுக்குள் மறைத்து வைத்தாள். மாலையில் எடுத்து அப்பாவின் முன்னால் நீட்டினாள். இருபத்தொன்பதில் நின்றிருந்தது.

அவர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். மனைவியிடம் பனிக்கட்டி கேட்டார். தம்ளரில் பனிக்கட்டியும் தண்ணீரும் போட்டு வெப்பமானியை அதில் வைத்தார். நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம். பாதரசம் இறங்கி, பூச்சியத்தில் வந்து சரியாக நின்றது. கருவி பொய் சொல்லவில்லை. இனி அவர் சாவியை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று எஸ்தரின் முகம் சொன்னது.

"சரியாத்தான் இருக்கு" என்றார் அவர். "ஆனா இது காட்டுறது அறைச் சூடு இல்ல. அதோட ஒடம்புச் சூடு. கூட்டுக்குள்ள உசுரு இருந்தா கூட்டுக்குள்ள சூடாத்தான் இருக்கும்."

"அப்ப அது இருக்கது எங்கப்பா?" என்றாள் எஸ்தர். "கூட்டுக்குள்ளதான?"

அவர் வெப்பமானியைத் துணியில் துடைத்து என்னிடம் கொடுத்தார். "நல்ல கருவி சார். வைக்கிற எடம் தெரியாம வச்சா அது என்ன செய்யும்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை கச்சான் முன்கூட்டியே எழும்பியிருந்தது. அவர் வெள்ளைச் சட்டை போட்டு, வேதாகமத்தை எடுத்துக்கொண்டு ஆராதனைக்குப் போயிருந்தார். சாவி இடுப்பில். மனைவிக்கு முழங்கால் வலி, போகவில்லை. கீழேயிருந்து அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்ட குரலிலேயே காரியம் தெரிந்தது. இறங்கி ஓடினேன்.

கண்ணாடிக்கு அப்பால் பஞ்சு பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. வாய் திறந்திருந்தது. தாடை நனைந்திருந்தது. விலா அடித்துக்கொண்டது. மேலே சிவப்பு எழுத்தில் இருபது. எஸ்தர் அப்பாவுக்குப் போன் போட்டாள். ஆராதனை முடியும்வரை அவர் போனை அணைத்து வைப்பார். மறுபடியும் போட்டாள். அம்மா அடுக்களைக்குப் போய் அம்மிக் குழவியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து மகளின் கையில் கொடுத்தார்.

"ஒடச்சிரு ட்டீ."

கண்ணாடி உடைந்தது. கையை உள்ளே விட்டுப் பூட்டின் உள்பக்கக் குமிழைத் திருகியபோது அவள் முழங்கை கிழிந்தது. அவள் பின்னால் நானும் போனேன். வாசலருகே குளுகுளுவென்று இருந்தது. கூண்டை நெருங்கியதும், எரியும் அடுப்பருகே குனிந்ததுபோல முகத்தில் அடித்தது. அவள் அதைத் தூக்கி வந்து அடுக்களை மேடையின் கருங்கல்லில் கிடத்தி, ஈரத்துணியால் காதுகளை மட்டும் ஒற்றினாள். முடி நனையக் கூடாது என்ற கவனம் அப்போதும் இருந்தது. கொஞ்ச நேரம் மூச்சு விட்டது. பிறகு விடவில்லை.

அவர் வந்தபோது அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் கண்ணாடிச் சில்லுகளை மிதிக்காமல் தாண்டி, நேரே அறை வாசலுக்குப் போய்ப் பலகையைப் பார்த்தார்.

"பாத்தீயளா சார். முப்பத்தொண்ணு. கதவு ஒடஞ்சதும் எங்கன போயி நிக்குது பாருங்க."

மடியைப் பார்க்கவே இல்லை.

வேலியோரம் புதைத்துவிடலாம் என்று எஸ்தர் கேட்டாள். காரணம் தெரியாமல் எந்தச் சரக்கையும் புதைக்கக் கூடாது என்றார். திரேஸ்புரத்திலிருந்து மீன் வரும் தெர்மோகோல் பெட்டி ஒன்றில் ஐஸ் போட்டு, அதில் அந்த உடலை வைத்துத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவருக்கு அவரே கொண்டுபோனார். மருத்துவர் சில நாட்கள் கழித்துப் பேசியபோது நாங்களும் கேட்கட்டும் என்று அவர் போனை ஒலிபெருக்கியில் போட்டார். இறப்புக்குக் காரணம் சூடுதான் என்றார் மருத்துவர். ஆனால் ஒரே நாளில் வந்ததல்ல, பல நாட்களாகத் தாங்கித் தாங்கி உள்ளுறுப்புகள் பழுதாகியிருக்கின்றன, கூண்டை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்.

"சூடுதான டாக்டர்? அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மறுவாரம் கோயிலில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மகள் கதவை உடைத்தாள், சூடு உள்ளே ஏறியது, பிராணி செத்தது, டாக்டரே சொல்லிவிட்டார். அவளுக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்த டீச்சர் வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா ஒடச்ச? கொஞ்சம் பொறுத்திருக்கலாமே?" என்று கேட்டார். எஸ்தர் ஆமாம் என்றுதான் சொன்னாள். யாரிடமும் அவள் வாதாடவில்லை. அவர் இதை வேண்டுமென்றே பரப்பினார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் அதை நம்பினார். வஞ்சகராக இருந்திருந்தால் என்றாவது தனியே அவளிடம் ஒப்புக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

ஜூன் பிறந்தது. எஸ்தர் பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். ஆட்டோ நின்றது. அவர் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். மகளுக்குப் பின்னால் மனைவியும் ஒரு துணிப்பையோடு படியிறங்கினார்.

"ஏளா, நீ எங்க?"

"இவகூட."

"அங்கன ஒனக்கு என்ன வேல?"

அந்த அம்மாள் ஆட்டோவில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார். "குளிருதுன்னு சொல்லணும்" என்றார். "சொன்னா ஒருத்தி போர்வ எடுத்துத் தருவா. அதப் பாக்கணும்."

ஆட்டோ தெருமுனை வரை போயிற்று. அவர் கேட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை. வண்டி திரும்பி மறைந்த பிறகுதான் என்னிடம் பேசினார்.

"மழ புடிச்சிட்டா அங்கன காலம்பற பன்னெண்டு டிகிரி இருக்கும் சார். அவ துணிப்பையில ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போகல."

பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேர்ந்திருக்கமாட்டார்கள், போன் பண்ணிச் சொல்லுங்கள் என்றேன். போன் அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது.

"எதுக்கு?" என்றார். "போயித் தெரிஞ்சிக்கிடட்டும்." கேட்டைச் சாத்திக் கொண்டியை மாட்டினார்.